அதிகாரம் கைமாறிய காலத்தில் நம் தலைவர்கள்



"வெள்ளையர் என்று வெளியேறுவர்?" என்பது விடுதலைப் போரின் நாள்களில் நாடெங்கும் எழுந்த வினா. "அவர்கள் விட்டுச்செல்லும் அதிகாரம் யார் கைக்குப் போகும்?" என்பது நம் தலைவர்கள் எழுப்பிய வினா. சென்னை மாகாணத்தில் அவ்வினாவைச் சுமந்து நின்ற நால்வரை இவ்வெள்ளி விழாவில் நினைவுகூர்வோம்.

மூத்தவர் இரட்டைமலை சீனிவாசன். 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கியவர். பொதுச் சாலைகளையும் கிணறுகளையும் நம் மக்கள் பயன்படுத்தும் உரிமைக்கு 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் தீர்மானம் கொணர்ந்து வென்றவர். இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்து, நம் பிரதிநிதிகளை நாமே தேர்ந்தெடுக்கும் தனி வாக்காளர் தொகுதியைக் கேட்டவர்.

இரண்டாமவர் பெருந்தலைவர் எம். சி. இராசா. அவரோ 1932-இல் டாக்டர் மூஞ்சேயுடன் உடன்பாடு கண்டு, கூட்டுத் தொகுதியே போதும் என்றார். ஒரே மக்களுக்கு உழைத்த இருவர் எதிரெதிரே நின்றனர். அவ்வாண்டு செப்டம்பர் 24-இல் உருவான பூனா ஒப்பந்தம் மாகாணச் சட்டமன்றங்களில் நமக்கு 148 இடங்களை அளித்தது. அவற்றுள் 30 சென்னைக்குரியவை. இடம் நமக்கு வந்தது. தேர்ந்தெடுக்கும் உரிமையோ அனைவருக்கும் பொதுவாயிற்று. இணைந்து நின்றால் நீதி கிட்டும் என நம்பிய இராசா, 1938-இல் சென்னைச் சட்டமன்றத்தில் ஆலய நுழைவு மசோதாவைக் கொணர்ந்தார். அன்றைய காங்கிரசு அமைச்சரவை ஆதரிக்காமையால் அது வீழ்ந்தது. இராசா 1943-இலும் சீனிவாசன் 1945-இலும் மறைந்தனர். விடுதலை நாளை இருவருமே காணவில்லை.

மூன்றாமவர் என். சிவராஜ். சட்டக் கல்லூரியில் கற்பித்தவர். 1942-இல் நாகபுரியில் அமைந்த அகில இந்தியப் பட்டியல் வகுப்பினர் சம்மேளனத்தின் தலைவர். 1945-இல் சென்னை மாநகரின் மேயர். எனினும் 1946 தேர்தலில் சம்மேளனம் பெருந்தோல்வி கண்டது. அவ்வாண்டு மே 16-இல் வெளியான அமைச்சரவைத் தூதுக்குழுத் திட்டமும் நம்மைத் தனிப் பிரிவாக எண்ணவில்லை. அண்ணல் அம்பேத்கரே பம்பாயிலிருந்து அரசியல் நிர்ணய சபைக்குச் செல்ல வழியின்றி, யோகேந்திரநாத் மண்டல் முதலிய வங்கத் தலைவர்களின் துணையால் வங்கத்திலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டார். ஒரு மாகாணத்தில் அடைபட்ட கதவை மற்றொரு மாகாணத்து நம் மக்கள் திறந்தனர்.

நான்காமவர் தாட்சாயணி வேலாயுதன். கொச்சியில் பிறந்து, அறிவியல் பட்டம் பெற்று, சென்னை மாகாணத்தின் சார்பில் நிர்ணய சபையில் அமர்ந்த நம் குலமகள். தனி வாக்காளர் தொகுதி வேண்டா என வாதிட்டவர். ஆயினும் 1948 நவம்பர் 29-இல் தீண்டாமை ஒழிப்பு விதி அவைக்கு வந்தபோது, அவரும் நம் மாகாணத்து வி. ஐ. முனுசாமிப் பிள்ளையும் அதனை ஆதரித்துப் பேசினர். அன்றே நிறைவேறிய அவ்விதிதான் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு.

இளைஞர்களே! இவர்களுள் எவர் நம்மவர், எவர் பிறர் பக்கம் நின்றவர் எனத் தரம் பிரித்து வழக்காடுவது எளிது. அதனால் நமக்கு விளையும் பயன் யாது? வழி வேறுபட்டாலும் நால்வரும் கேட்டதைத் தீர்மானமாக, மசோதாவாக, விதியாக எழுத்தில் பொறிக்கப் பாடுபட்டனர். வாய்மொழி வாக்குறுதி காற்றோடு போகும். சட்டத்தில் ஏறிய சொல்லை வழக்கு மன்றத்தில் எடுத்துக்காட்டலாம்.

எழுத்து மட்டுமே போதும் என்றும் நாம் கூறவில்லை. 1996-இல் நமக்கென ஒதுக்கப்பட்ட பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம் ஊராட்சிகளில் நம்மவர் தலைவராக அமர்ந்து பணிபுரிய 2006 வரை காத்திருக்க நேர்ந்தது. சட்டம் தந்த நாற்காலியை ஊர் பத்தாண்டு மறுத்தது. ஆகவே சட்டத்தைப் படிக்கும் அறிவும், அதனைச் செயற்படுத்தும் ஒற்றுமையும் நமக்கு ஒருங்கே வேண்டும். அவ்விரண்டையும் வளர்ப்பதே கல்விக் கழகத்தின் கடன். அதிகாரம் யார் கைக்கு என்ற வினா ஒவ்வோர் ஊரிலும் இன்றும் எழுகிறது. விடை கூறும் தகுதியை நாம் பெறுவோமாக!