பெட்டிக்குள்ள என்ன இருக்கு தம்பி?

சாத்தான்குளத்திலிருந்து பேசுறேன். போன எபிசோட்ல, வெளிநாட்டுல பல வருஷம் இருந்துட்டு ஊர் திரும்புறவங்க வீட்டுச் சாமானைக் கன்டெய்னர்ல எப்படி அனுப்பணும்னு பேசினோம். தூத்துக்குடி துறைமுகத்துல எனக்குக் கிளியரிங் வேலை. அதனால இந்தக் கேள்வி எனக்கு நிறைய வரும். ஆனா இந்தத் தடவை கேள்வி என் சித்தப்பா மகன்கிட்ட இருந்தே வந்துச்சு.

அவன் ஹூஸ்டன்ல பதினாலு வருஷம் இருந்தவன். ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டான். "அண்ணே, எல்லாம் பேக் பண்ணியாச்சு. கராஜ்ல ஒரு சின்ன மெஷின் இருக்கு, அதையும் போட்டுரட்டுமா? வெறும் இரும்புதான்" என்றான்.

என்ன மெஷின்னு கேட்டேன். ரீலோடிங் பிரஸ். தெரியாதவங்களுக்குச் சொல்றேன். துப்பாக்கி சுட்டபிறகு குண்டு போயிரும், பித்தளைக் கூடு மிஞ்சும். அந்தக் கூட்டை எடுத்து, அடியில இருக்கிற பழைய ப்ரைமரைத் தட்டிவிட்டு, கூட்டை அளவுக்குக் கொண்டுவந்து, புது ப்ரைமர் வச்சு, மருந்தை நிறுத்துப் போட்டு, மேல ஈயக்குண்டை அழுத்தி உட்கார வைக்கிற கருவி அது. பாக்கிறதுக்கு நம்ம வீட்டு இடியாப்ப நாழியை மேஜையில போல்ட் போட்டு முடுக்கி, பக்கத்துல ஒரு கைப்பிடி வச்ச மாதிரி இருக்கும். அமெரிக்காவுல போட்டிக்குச் சுடுறவங்க பல பேர் வீட்டுல இது உண்டு. கடைத் தோட்டாவை விடச் செலவு குறைவு. ஒவ்வொரு தோட்டாவும் ஒரே அளவு மருந்தோட இருக்கிறதால குறியும் நல்லா விழும். அவனுக்குச் சனிக்கிழமைப் பொழுதுபோக்கே அதுதான்.

"போடாதலே" என்றேன். அவனுக்குக் கோபம். "துப்பாக்கியா கொண்டு வாரேன்? தோட்டாவா? ஒண்ணுமில்லையே!"

இங்கதான் சங்கதி இருக்கு. நம்ம ஆயுதச் சட்டம் 1959. அதுல இரண்டாவது பிரிவுல "வெடிபொருள், தோட்டா" என்றால் என்னன்னு ஒரு விளக்கம் இருக்கு. அதைப் படிச்சுப் பாருங்க. தோட்டாவோட பாகங்களும், தோட்டா செய்யற இயந்திரமும் அந்த விளக்கத்துக்குள்ளயே வருது. ஆக, சட்டத்தின் கண்ணுக்கு அவனோட பிரஸ்ஸே தோட்டாதான். வெறும் பித்தளைக் கூடும் அப்படித்தான். பத்தாவது பிரிவு, ஆயுதமோ தோட்டாவோ கடல், தரை, வான் எந்த வழியா இந்தியாவுக்குள்ள வந்தாலும் லைசன்ஸ் வேணும்னு சொல்லுது. ஐந்தாவது பிரிவு, தோட்டா தயாரிக்கவே லைசன்ஸ் கேக்குது. வீட்டுக் கராஜ்ல பத்துத் தோட்டா நிரப்பினாலும் தயாரிப்பு தயாரிப்புதான். சரி, மருந்து? அது 2008 வெடிபொருள் விதிகள்ல வேற வாசல். மருந்து சமாச்சாரத்துல எவ்வளவு காகிதம் வேணும்னு சிவகாசிப் பக்கம் சொந்தக்காரங்க இருக்கிறவங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் சுங்கம். வரிப் பட்டியல்ல 93-ஆவது அத்தியாயம் ஆயுதங்களுக்கும் தோட்டாக்களுக்கும் அவற்றோட பாகங்களுக்கும் உரியது. கலெக்டர் ஆபீஸ் லைசன்ஸ் கையில இருந்தாலும், வெளிநாட்டு வணிக இயக்ககத்தோட இறக்குமதிக் கொள்கையில அந்தப் பொருள் கட்டுப்பாட்டுல இருந்தா தனியா அனுமதி வாங்கணும். ஒரு வாசல் திறந்ததை வச்சு இன்னொண்ணும் திறந்திருக்கும்னு நினைச்சு மாட்டினவங்களை நான் பாத்திருக்கேன்.

அவன் நம்பலை. சும்மா பயமுறுத்துறேன்னு நினைச்சான். அதனால நம்ம துறைமுகத்துலயே நடந்த கதையைச் சொன்னேன்.

2013 அக்டோபர் 12. 'சீமேன் கார்டு ஓஹையோ'னு ஒரு கப்பல். அமெரிக்கக் கம்பெனியோடது, சியரா லியோன் கொடி. சோமாலியாக் கடற்கொள்ளையர்கிட்ட இருந்து சரக்குக் கப்பல்களைக் காப்பாத்தக் காவலர்களை ஏத்திக்கிட்டு கடல்ல நிக்கிற கப்பல் அது. கடலோரக் காவல்படை அதை மடக்கி தூத்துக்குடிக்குக் கொண்டுவந்துச்சு. உள்ளே பத்து மாலுமிகள், இருபத்தைந்து காவலர்கள். 35 துப்பாக்கி, 5,600-க்கும் மேல தோட்டா. இந்தியர், பிரிட்டிஷ்காரர், எஸ்தோனியர், உக்ரைன்காரர் எல்லாரும் இருந்தாங்க. கைது பண்ணி பாளையங்கோட்டை மத்தியச் சிறைக்குக் கொண்டுபோனாங்க. கரையிலிருந்து படகுல 1,500 லிட்டர் டீசல் வாங்கினதாகவும் வழக்கு.

அவங்க கொள்ளைக்காரங்க இல்ல. கொள்ளையைத் தடுக்கிற வேலைக்கு வந்தவங்க. ஆனா கேள்வி அது இல்லையே! கரையிலிருந்து 12 கடல் மைல், அதாவது சுமார் 22 கிலோமீட்டர், நம்ம ஆட்சிக் கடல். அதுக்குள்ள வந்தாங்களா, இந்திய லைசன்ஸ் இருந்துச்சா? அவ்வளவுதான். 2014-ல உயர் நீதிமன்ற மதுரைக் கிளை ஆயுதச் சட்ட வழக்கை ரத்து பண்ணுச்சு. 2015-ல உச்ச நீதிமன்றம் வழக்கைத் திரும்ப உயிர்ப்பிச்சுது. 2016 ஜனவரியில தூத்துக்குடி நீதிமன்றம் ஐந்து வருஷம் தண்டனை கொடுத்துச்சு. 2017 நவம்பர் 27-ல மதுரைக் கிளை எல்லாரையும் விடுதலை பண்ணுச்சு. புயல் நேரத்துல வேற வழியில்லாம உள்ளே வந்தாங்கங்கிற வாதம் அங்க எடுபட்டுது.

குற்றமில்லைனு முடிவாக நாலு வருஷம் போச்சு. இதைச் சொன்னதும் போன்ல கொஞ்ச நேரம் சத்தமே இல்ல.

அப்புறம்தான் மெதுவா, "அண்ணே, பிஸ்டல்?" என்றான். அதையும் கொண்டுவர நினைச்சிருக்கான்! நிரந்தரமா ஊர் திரும்புறவங்க ஒரு துப்பாக்கி கொண்டுவர வழி இருக்கு. அங்க குறைஞ்சது ஒரு வருஷமாவது வச்சுப் பயன்படுத்தியிருக்கணும், இங்க முன்கூட்டியே லைசன்ஸ் வாங்கியிருக்கணும், தீர்வை கட்டணும், பிறகு அதை யாருக்கும் விக்கக் கூடாது. இது எல்லாத்துக்கும் மேல, அனுமதிக்கப்பட்ட போரா இருக்கணும். அவனோடது 9 மில்லிமீட்டர். அமெரிக்காவுல சாதாரணம், இங்க தடைசெய்யப்பட்ட போர். கதை முடிஞ்சுது.

ஆனா இதுல எனக்கு மனசு கேக்காத இடம் ஒண்ணு உண்டு. அவன் மகளுக்குப் பதினாலு வயசு, நல்லா சுடுவா. "பெரியப்பா, அங்க வந்தா நான் விட்டுரணுமா?"னு கேட்டா. விட வேண்டாம். 4.5 மில்லிமீட்டர் போருக்கு மேல போகாம, 20 ஜூலுக்கு மேல வேகச் சக்தி இல்லாத ஏர் ரைபிளுக்கு 2016 ஆயுத விதிகள்படி லைசன்ஸ் தேவையில்லை. ஒலிம்பிக் 10 மீட்டர் போட்டியும் அதே 4.5 மில்லிமீட்டர்தான். முதல் ரைபிளை வெளிநாட்டுல இருந்து வரவழைக்காம, இங்கயே அடையாளச் சான்று கொடுத்து வாங்கச் சொன்னேன். இந்திய தேசிய ரைபிள் சங்கத்தோட இணைஞ்ச மன்றத்துல சேர்ந்து, போட்டிகள்ல புள்ளி எடுத்து, 'ரினௌன்ட் ஷூட்டர்'னு தகுதி வந்தா, சொந்த உபயோகத்துக்கு இறக்குமதி செய்ய முறையான பாதை திறக்கும். நீண்ட பாதைதான். ரேஞ்சுக்கே எங்க ஊரிலிருந்து பஸ் ஏறிப் போகணும். பாளையக்காரர் போர் முடிஞ்ச 1801-லயே வெள்ளைக்காரன் ஆயுதத்தைப் பறிச்ச சீமை இது. காகிதம் அன்னையிலிருந்து தடிச்சுக்கிட்டேதான் வருதுன்னு எனக்குத் தோணும். இருந்தாலும் அவகிட்ட "வா"ன்னுதான் சொன்னேன்.

பிரஸ்ஸை அங்கேயே ஒரு நண்பனுக்குக் கொடுத்துட்டான். பிஸ்டலை வித்துட்டான். கன்டெய்னர் கிளம்புறதுக்கு முன்னாடி பேக்கிங் லிஸ்ட் அனுப்பினான். வரி வரியாப் படிச்சேன். நாற்பத்தி ஏழாவது அட்டைப்பெட்டியில, "ஹேண்ட் பிரஸ், ஒன்று"னு போட்டிருந்துச்சு. எனக்கு வேர்த்துப் போச்சு. உடனே கூப்பிட்டேன்.

"ஏலே, என்னலே இது ஹேண்ட் பிரஸ்?"

"அண்ணே, அது அம்மாவோட இடியாப்ப நாழி."

லிஸ்டைத் திருத்தி அனுப்பச் சொன்னேன். 'இடியாப்பம் பிழியும் சமையல் பாத்திரம், பித்தளை, பழையது, ஒன்று.'