ஆற்றங்கரையில் ஆறியிருத்தல்

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



ஜேர்மனியில் கோடை விடுமுறை எப்படிக் கழிகிறது என்று பேசும்படி கேட்டிருந்தீர்கள். எனக்குப் பழக்கமான ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன். அதன் பெயர் பொப்பார்ட். கோப்ளென்ஸ் நகரிலிருந்து ரயிலில் அரை மணித்தியாலத்துக்குள் போய்விடலாம். றைன் நதி பெரிய வளைவெடுத்துத் திரும்பும் இடத்தில், இடது கரையில் இருக்கிறது. மலைச்சரிவில் முந்திரிகைத் தோட்டங்கள். ஊருக்குள் நான்காம் நூற்றாண்டு உரோமர் கோட்டையின் சுவர்கள். இந்த ஊரும் அடங்கிய பள்ளத்தாக்கை 2002 இல் யுனெஸ்கோ உலக மரபுரிமையாக ஏற்றுக்கொண்டது.

ரயிலால் இறங்கிப் பெட்டியை உருட்டிக்கொண்டு சற்று நடந்தால் ஆற்றங்கரை. யாழ்ப்பாணத்தில் பிறந்த எங்களுக்கு ஆறு என்பதே புதினம். வழுக்கியாற்றில் மாரியில் மட்டுந்தான் தண்ணீர் ஓடும். இங்கே கோடையிலும் சரக்குக் கப்பல்கள் போய்வந்தபடி இருக்கும். கரையில் கிலோமீற்றர் பலகைகள் நட்டிருப்பார்கள். கொன்ஸ்டான்ஸ் பாலத்திலிருந்து எண்ணத் தொடங்கி, பொப்பார்ட்டில் 570 அளவுக்கு வந்துவிடும்.

சனிக்கிழமை போய்ச் சேருகிறவர்கள் பாலும் பாணும் அன்றே வாங்கிவைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை பெரும்பாலான கடைகள் பூட்டு. ஞாயிறு ஓய்வுக்குரிய நாள் என்று 1919 ஆம் ஆண்டு அரசியலமைப்பில் எழுதினார்கள். 1949 இல் புதிய அரசியலமைப்பு வந்தபோதும் அந்த வாசகத்தைக் கைவிடவில்லை.

ஒரு வருடம் என் வகுப்புத் தோழி ஒருத்தியை அங்கே கூட்டிப்போனேன். விடியற்காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்குவாள். பின்னேரத்தில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை. வந்த பெட்டியில் பாதி இடத்தை அரிசியும் சரக்குத்தூளும் பிடித்திருந்தன. கரையில் ஒரு வாங்கில் இருத்தினேன். ஐந்து நிமிடமாகவில்லை, எழும்பிவிட்டாள். "சும்மா இருக்க ஒரு மாதிரிக் கிடக்கு. ஏதும் செய்யிறதுக்கு இருந்தால் சொல்லடி" என்றாள். இருபத்தைந்து வருடமாக நாரி நோவுக்கு மருந்து எடுப்பவள் அவள்.

அவளுக்குச் சட்டப்படி வருடத்தில் குறைந்தது நான்கு வாரம் சம்பளத்துடன் விடுமுறை உண்டு. அதையும் பிள்ளைகளின் பரீட்சைக்கும் ஊர்க் கலியாணங்களுக்கும் கொடுத்துவிட்டாள். உடல் களைத்துப்போன தாய்மாருக்கென்று 1950 இல் ஓர் அறநிலையத்தை அந்நாட்டில் ஆரம்பித்தார்கள். தொடங்கியவர் முதலாவது ஜனாதிபதியின் மனைவி எல்லி ஹொய்ஸ்-க்னாப். போர் முடிந்து ஐந்தே வருடம், நகரங்கள் இடிந்து கிடந்த காலம். அப்போதே, தாய்க்கு ஓய்வு வேண்டும் என்று ஒரு பெண் சொன்னார். இன்று வைத்தியர் சிபாரிசு செய்து காப்புறுதி நிறுவனம் ஒப்புக்கொண்டால், மூன்று வாரம் வீட்டை விட்டுப் போய் உடம்பைத் தேற்றிவரலாம். இது தயவு அல்ல. 2007 முதல் சட்டம் தந்த உரித்து. என் தோழியிடமும் வைத்தியர் இதைச் சொல்லியிருந்தார். "பிள்ளையளை விட்டிட்டுப் போனால் சனம் என்ன சொல்லும்?" என்று கேட்டு, பத்திரத்தை நிரப்பாமலே வைத்துவிட்டாள்.

சனம் என்ன சொல்லும்? இந்தக் கேள்விக்காக எத்தனை பெண்கள் உடம்பைக் கெடுத்துக்கொண்டார்கள்! இந்தப் பாடசாலை எங்களுக்கு உழைக்கக் கற்றுத்தந்தது. அந்த உழைப்பில்தான் போருக்குள்ளும் பிள்ளைகளை வளர்த்தோம். பெயர் தெரியாத ஊர்களிலும் வீடு கட்டினோம். ஓய்வை மட்டும் சோம்பலென்று நினைத்துவிட்டோம்.

பொப்பார்ட்டில் 1796 இல் மிகாயேல் தோனெட் என்ற மரவேலைக்காரர் பிறந்தார். மரத்தை நீராவியில் வளைத்துக் கதிரை செய்து உலகப் புகழ் பெற்றவர். 1859 இல் வந்த அவருடைய கதிரைக்கு ஆறு மரத்துண்டுகளும் சில திருகாணிகளும் போதும். விலை மலிவு, சாதாரண கோப்பிக் கடைகளுக்கும் வந்து சேர்ந்தது. அந்தக் கதிரையைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் வீடுகளை நினைப்பேன். விறாந்தையில் ஐயாவுக்குச் சாய்மனைக் கதிரை இருந்தது. அம்மாவுக்கு அடுப்படியில் ஒரு பலகைக்கட்டை. அதிலும் அவர் இருந்ததைக் கண்டவர்கள் குறைவு.

தோழி மூன்றாம் நாள்தான் ஒரு முழுப் பின்னேரம் இருந்தாள். கப்பல்களை எண்ணினாள், பிறகு எண்ணுவதையும் விட்டாள். கனகாலத்துக்குப் பிறகு எங்கள் விடுதி நாட்களைப் பற்றிக் கதைத்தாள். தமிழில் ஆறு என்றால் நதி. ஆறுதல் என்றால் இளைப்பாறல். இரண்டும் ஒன்றாக இருந்ததை அன்று கண்டேன். ஊர் திரும்பிய கிழமையே அந்தப் பத்திரத்தை நிரப்பிக் கொடுத்தாள்.

எல்லோராலும் றைன் கரைக்குப் போக முடியாது, போகவும் தேவையில்லை. வெளிநாட்டில் இருப்பவர்கள் உங்களுக்குரிய விடுமுறையை எடுங்கள். இங்கே இருப்பவர்கள், உங்கள் வீட்டில் யார் கடைசியாகச் சாப்பிடுகிறார் என்று பாருங்கள்.

இப்போது ஒரு வேண்டுகோள். இந்த மண்டபத்தின் பின்னால் காலை ஐந்து மணியிலிருந்து எங்களுக்குச் சாப்பாடு ஆயத்தப்படுத்துபவர்களும் பழைய மாணவிகள்தான். என் உரை முடிந்ததும் அவர்களைக் கூப்பிட்டு முன்வரிசையில் இருத்துங்கள். தேநீரை இன்று நாங்கள் ஊற்றுவோம்.