காத்திராத பெண்: ‘நாரைகள் பறக்கின்றன’ திரைப்படம் குறித்த தலைமை உரை

மிகயீல் கலதோசவ் இயக்கிய ‘நாரைகள் பறக்கின்றன’ 1957இல் மாஸ்கோவின் மாஸ்பிலிம் நிறுவனம் எடுத்த கறுப்பு-வெள்ளைப் படம். அதன் மூலம் விக்டர் ரோசவ் எழுதிய ‘என்றும் வாழ்வோர்’ நாடகம். ரோசவ் 1941இல் தொண்டராகப் போர்முனைக்குப் போய்ப் படுகாயத்தோடு திரும்பியவர். 1943இல் எழுதிய நாடகம் நெடுங்காலம் கிடப்பில் கிடந்தது. 1956இல் ஒலெக் யெஃப்ரேமவைச் சுற்றித் திரண்ட இளம் நடிகர்கள் அதை மேடையேற்றினார்கள். சவ்ரெமென்னிக் நாடகக் குழுவின் பிறப்பே அந்த அரங்கேற்றம்தான். ஸ்டாலின் காலத்தைக் கண்டித்துக் குருஷேவ் பேசியதும் அதே ஆண்டு பிப்ரவரியில். படத்துக்கான திரைக்கதையை ரோசவே எழுதினார்.

கதை எளியது. போர் மூண்டதும் போரிஸ் தானாகப் பெயர் கொடுத்துப் படையில் சேர்கிறான். அவனுக்கு நிச்சயமானவள் போலிருந்த வெரோனிகா, குண்டுவீச்சில் பெற்றோரை இழந்து அவன் வீட்டில் அடைக்கலமாகிறாள். போரிஸின் ஒன்றுவிட்ட சகோதரன் மார்க், ஒரு குண்டுவீச்சு இரவில் அவளைப் பலவந்தப்படுத்துகிறான். பிறகு அவனையே மணக்கிறாள். போரிஸ் இறந்துவிட்டதை அவள் அறியாள்.

இந்த மணம்தான் அன்றைய சோவியத் பார்வையாளரை உலுக்கியது. கான்ஸ்தந்தீன் சீமனவின் ‘எனக்காகக் காத்திரு’ என்ற 1941ஆம் ஆண்டுக் கவிதையைப் படைவீரர்கள் சட்டைப்பையில் வைத்திருந்தார்கள். காத்திருக்கும் பெண் என்பது போர்க்காலத்தின் புனித உருவம். காத்திராத ஒருத்தியை நடுவில் நிறுத்தி, அவளைத் தண்டிக்காமல், அவள் முகத்தையே இறுதிவரை பார்த்துக்கொண்டிருந்தது இந்தப் படம். அதன் பெருமை முதலாவதாக அந்தத் துணிவில் இருக்கிறது. தத்யானா சமோய்லவாவின் அகன்ற கண்கள் அந்தப் பார்வையைத் தாங்கின.

இலக்கியம் திரையாவதைப் பேச வந்திருக்கும் இந்தக் கருத்தரங்குக்கு முக்கியமான செய்தி இனிமேல்தான். நாடகத்தில் போரிஸ் தொடக்கத்திலேயே மேடையை விட்டுப் போய்விடுகிறான். மற்றதெல்லாம் வீட்டாரின் பேச்சில் நடக்கிறது. ஒளிப்பதிவாளர் செர்கேய் உருசேவ்ஸ்கி அந்தப் பேச்சைக் கேமராவின் நடையாக மாற்றினார். போர்முனையில் படம்பிடித்துப் பழகிய கை அவருடையது. வழியனுப்பும் காட்சியில் கேமரா வெரோனிகாவோடு பேருந்துக்குள் நிற்கிறது, அவளோடு இறங்குகிறது, கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடுகிறது, பிறகு ஒரே இழுப்பில் மேலே எழும்புகிறது. கீழே டாங்கிகளுக்கு நடுவே அவள் சிறு புள்ளி. போரிஸை எட்ட முடியாமல் தன் கையிலிருந்த பிஸ்கட் பொட்டலத்தை அவனை நோக்கி எறிகிறாள். அது சிதறி, அணிவகுத்துப் போகும் காலணிகளுக்கு அடியில் நொறுங்குகிறது. வசனம் எதுவும் அந்தப் பிரிவை இதைவிடக் கூர்மையாகச் சொல்லியிருக்காது.

இரண்டு காட்சிகளை ஒட்டிய விதமும் கவனிக்கத்தக்கது. மார்க் அவளைத் தூக்கிக்கொண்டு உடைந்த கண்ணாடிமேல் நடக்கிறான். உடனே சேற்றில் புதையும் போரிஸின் காலடிகள். குண்டு பாய்ந்து அவன் சாயும்போது பிர்ச் மரங்களின் உச்சிகள் சுழல்கின்றன. அந்தச் சுழலுக்குள் முன்பு அவன் அவளைத் தேடி ஓடி ஏறிய மாடிப்படி வருகிறது, நடக்காத கல்யாணம் வருகிறது. வீட்டில் நேரும் வீழ்ச்சியையும் சதுப்பில் நேரும் சாவையும் ஒரே போரின் இரு காயங்களாக அந்த வெட்டு சேர்த்துவிடுகிறது.

குடும்பம் பிறகு இடம்பெயர்ந்து சேரும் சைபீரியாவில், ஒரு மருத்துவமனையில், காதலி வேறொருவனை மணந்த செய்தி கேட்டுக் கதறும் வீரனைத் தேற்றுவதற்காக, போரிஸின் தந்தையான மருத்துவர் காத்திராத பெண்களைக் கடுமையாகச் சாடுகிறார். அதைக் கேட்டு நிற்கிறாள் வெரோனிகா. சாகத் துணிந்து ரயில் பாதையை நோக்கி ஓடுகிறவள், வழியில் வண்டிக்குக் குறுக்கே நிற்கும் ஒரு சிறுவனை இழுத்துக் காப்பாற்றுகிறாள். அவன் பெயரும் போரிஸ்தான். இந்தப் பெயர் ஒற்றுமை சற்று நாடகத்தனமானது; படத்தில் மேடையின் வாடை மிஞ்சியிருக்கும் இடம் இது.

1958இல் கான் விழாவில் படம் தங்கப் பனை விருது பெற்றது. ருஷ்யத் தலைப்பில் இருப்பது, தமிழில் நாம் நாரை என்று சொல்லிவிடும் கொக்கினத்துப் பறவை; பிரான்சில் அதற்குப் பதிலாக வேறு இனமான செங்கால் நாரை தலைப்பில் இடம்பெற்றது. கொக்கைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லுக்குக் கொச்சையில் விலைமாது என்ற பொருளும் உண்டு என்பதே காரணம். வெரோனிகாவைப் போன்ற ஒருத்தியின் கதைக்கு அந்தச் சொல் பொருந்தாது என்று கருதினார்கள்.

முடிவில் ரயில் நிலையம். வெற்றியோடு திரும்பும் வீரர்கள். போரிஸ் வரவில்லை என்பது அவன் நண்பன் ஸ்தெபானின் வாயால் உறுதியாகிறது. அவனுக்கென்று கொண்டுவந்த பூக்களை வெரோனிகா ஒவ்வொன்றாக, முன்பின் தெரியாத மனிதர்களின் கைகளில் கொடுத்துக்கொண்டே போகிறாள். தலைக்கு மேலே பறவைகள் மாஸ்கோவைக் கடக்கின்றன.