விமானிகளின் பதவி உயர்வும் பிளவுண்ட சங்கங்களும்

(குன்னத்துகாலில் கட்சி உறுப்பினர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தோழர்களே,

வளைகுடாவுக்கு ஒருவரையேனும் அனுப்பாத குடும்பம் இந்த எல்லையோர ஊர்களில் அரிது. 2005 ஏப்ரலில் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸின் முதல் விமானம் திருவனந்தபுரத்திலிருந்து அபுதாபிக்குத்தான் பறந்தது. ஆயினும் விமானி வேலைநிறுத்தம் செய்தால், "லட்சங்களில் ஊதியம் பெறுபவருக்குப் போராட்டம் எதற்கு?" என்று நம் தோழர்களே கேட்கின்றனர். அக்கேள்விக்கு விடை கூறவே இன்று முற்படுகிறேன்.

200 மணி நேரம் பறந்தவர் வணிக விமானி உரிமம் பெற்றுத் துணை விமானியாகலாம். 1,500 மணி நேரம் நிறைந்தால் கேப்டனுக்குரிய உரிமம் பெறும் தகுதி வரும். ஆனால் தகுதி மட்டும் போதாது; கேப்டன் இருக்கை ஒன்று காலியாக வேண்டும். மூத்தவர் ஓய்வு பெற வேண்டும், அல்லது புதிய விமானம் வர வேண்டும். வளராத நிறுவனத்தில் முன்னதை மட்டுமே நம்பியிருக்க வேண்டும். அங்கே இளையவர் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார். புதியவருக்கு வேலையே இல்லை.

ஏர் இந்தியாவில் நடந்தது இதுதான். 2007இல் இந்தியன் ஏர்லைன்ஸ் அதனுடன் இணைக்கப்பட்டது. நிர்வாகம் ஒன்றாயிற்று, பணிமூப்புப் பட்டியல்கள் ஒன்றாகவில்லை. இணைப்புக்கு முன்பே ஏர் இந்தியா கேட்டிருந்த 27 டிரீம்லைனர் விமானங்களோ ஆண்டுக்கணக்கில் தாமதமாயின. அவற்றுக்கான பயிற்சியை இந்தியன் ஏர்லைன்ஸ் விமானிகளுக்கும் அளிப்பதென நிர்வாகம் முடிவு செய்தது. தங்கள் உயர்வு பறிபோகிறது என்று இந்தியன் பைலட்ஸ் கில்டு 2012 மே மாதம் போராட்டத்தில் இறங்கியது. அது 58 நாட்கள் நீடித்தது. ஏறத்தாழ நூறு பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். சங்கத்தின் அங்கீகாரமும் பறிக்கப்பட்டது. முந்தைய ஆண்டுதான் மறுதரப்பு விமானிகள் சம ஊதியம் கேட்டுப் போராடியிருந்தனர். இரு கோரிக்கைகளிலும் நியாயம் இருந்தது. இருவரும் சேர்ந்து நிற்காததே நிர்வாகத்துக்கு வாய்ப்பாயிற்று.

இருக்கைகள் ஏன் குறைந்தன என்ற கேள்வியை அன்று உரக்க எழுப்பியோர் சிலரே. 2013இல் மத்திய அரசு அபுதாபி வழித்தடத்தின் வார இருக்கை ஒதுக்கீட்டை 13,330இலிருந்து 50,000ஆக உயர்த்த ஒப்புக்கொண்டது. எத்திஹாட் ஜெட் ஏர்வேஸில் பங்கு வாங்கிய நேரம் அது. நம் ஊர்ப் பயணிகளைக் கொண்டு வளர்ந்திருக்க வேண்டிய பொதுத்துறை நிறுவனம் தேங்கியது. அதன் விமானிகள் இருந்த சில இருக்கைகளுக்காகத் தம்முள் மோதிக்கொண்டனர்.

2020இல் ஊதியம் வெட்டப்பட்டபோது இரு சங்கங்களும் சேர்ந்து கடிதம் எழுதின. நல்ல திருப்பம்தான், ஆனால் காலம் கடந்துவிட்டது. 2022 ஜனவரியில் நிறுவனம் டாடாவிடம் போய்விட்டது.

தனியார் வந்தால் வேலை பெருகும் என்போர் 2025 டிசம்பரைப் பார்க்கட்டும். விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்த்தப்பட்டது. இரவுநேரத் தரையிறக்கங்களுக்கும் வரம்பு வந்தது. இதற்கேற்ற ஆள்பலம் இன்றி, நாட்டின் மிகப்பெரிய நிறுவனமான இண்டிகோ ஆயிரக்கணக்கான பயணங்களை ரத்து செய்தது. போதிய அவகாசம் இருந்தும் ஆளெடுப்பை நிறுத்தி வைத்ததாக விமானிகள் கூட்டமைப்பு குற்றம் சாட்டியது. அரசோ அந்நிறுவனத்துக்கே விதிகளிலிருந்து தற்காலிக விலக்கு அளித்தது. விமானங்கள் பெருகினாலும், ஆட்களைக் குறைத்து லாபம் காண்பதே கணக்கென்றால் இளம் விமானி வாசலில்தான் நிற்பார்.

எனவே, ஆளெடுப்பு, பணிமூப்பு, ஓய்வு நேரம் மூன்றையும் ஒரே கோரிக்கையாக்கி, விமானிகளையும் தரைப்பணி ஒப்பந்த ஊழியர்களையும் ஒரே மேடைக்கு அழைக்கும் வரிகளை நம் போக்குவரத்துத் தீர்மானத்தில் சேர்க்குமாறு முன்மொழிகிறேன். விவாதத்தைத் தோழர்கள் தொடங்கலாம்.