குச்சி நுனியில் ஒரு கிறிஸ்துமஸ்



அரையாண்டுத் தேர்வு முடிந்துவிட்டது. பிள்ளைகள் வீட்டில் இருக்கிறார்கள். ஒரு வாசலில் மார்கழிக் கோலம், அடுத்த வாசலில் காகித நட்சத்திரம் என்று எங்கள் பாளையங்கோட்டைத் தெருக்கள் அழகாகிவிட்டன. இந்த விடுமுறையில் பிள்ளைகளைக் கூட்டி உட்காரவைத்து கேக் பாப் செய்வது பற்றிப் பேச வந்திருக்கிறேன். 12 வருடமாக டிசம்பர் வந்தால் எங்கள் வீட்டு மாடியில் பாய் விரித்துப் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன்.

பெயர் புதிதாக இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம். கேக்கை உதிர்த்து, உருண்டை பிடித்து, குச்சியில் செருகி, உருக்கிய சாக்லேட்டில் முக்கி எடுத்தால் கேக் பாப். லாலிபாப் போலக் கையில் பிடித்துக் கடிக்கலாம். அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தைச் சேர்ந்த ஆஞ்சி டட்லி என்ற பெண்மணிதான் இதை ஊரறியச் செய்தவர். 2008இல் மார்த்தா ஸ்டூவர்ட்டின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் செய்து காட்டினார். 2010இல் அவருடைய புத்தகம் வந்தது. அதன் பிறகு காபிக் கடைகளின் கண்ணாடிப் பெட்டிகளுக்குள்ளும் இது வந்து உட்கார்ந்துவிட்டது.

ஆனால் மிச்சக் கேக்கை உருண்டையாக்கும் யோசனை அதற்கும் முந்தியது. டென்மார்க் பேக்கரிகளில் விற்காமல் தங்கிய கேக்கை உதிர்த்து, கோகோவும் ரம் வாசனையும் சேர்த்துப் பிசைந்து உருட்டி விற்பார்கள். என் அப்பாவுக்கு டென்மார்க்கைத் தெரியாது. அவர் பேக்கரியில் வேலை பார்த்தவர். கேக்கைச் சதுரமாக வெட்டும்போது விழும் ஓரங்களை, அந்தக் கருகருவென்ற விளிம்புகளை, பழைய செய்தித்தாளில் பொட்டலம் கட்டி இரவு கொண்டுவருவார். அம்மா அதில் கொஞ்சம் பால் தெளித்துப் பிசைந்து ஆளுக்கு இரண்டு உருண்டை பிடித்துத் தருவாள். குச்சி இல்லை, சாக்லேட் இல்லை. இன்றைக்கும் கேக் தூளைப் பிசையும்போது அந்தப் பொட்டலத்தின் வாசனை எனக்கு வந்துவிடுகிறது.

சரி, செய்முறை. அரைக் கிலோ வெறும் ஸ்பாஞ்ச் கேக் எடுத்துக்கொள்ளுங்கள். மேலே கிரீம் இல்லாத கேக். நேற்றைய கேக் என்றால் இன்னும் நல்லது. பிள்ளைகள் கையாலேயே உதிர்க்கட்டும்; புட்டு மாவு போல வரவேண்டும். இதைச் சேர்த்துப் பிடிக்க வெண்ணெய் கிரீமோ, டின்னில் வரும் கெட்டிப்பாலோ வேண்டும். ஒரேயடியாக ஊற்றிவிடாதீர்கள். ஒரு மேசைக்கரண்டி விட்டுப் பிசைந்து, கையில் பிடித்துப் பாருங்கள். பிடி நின்றால் போதும், நிற்கவில்லையென்றால் இன்னொரு கரண்டி. மிஞ்சிய பிளம் கேக்கில் செய்கிறீர்களா? அதில் ஏற்கெனவே ஈரம் உண்டு, பாதி அளவே போதும்.

இனி வருவதுதான் எனக்கு உயிரான இடம். உருண்டை பிடிப்பது.

பிள்ளைகள் கையில் கலவையைக் கொடுத்தால் முதல் காரியமாக இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்து உருட்டத் தொடங்குவார்கள். இரண்டு சுற்றில் வெடிப்பு விடும், மூன்றாவது சுற்றில் மடியில் உதிரும். "மிஸ், இது உருளவே மாட்டேங்கு" என்று முகம் வாடிவிடும். முதல் சில வருடம் நானும் என்ன செய்வேன் என்றால், இன்னும் ஒரு கரண்டி கெட்டிப்பாலை ஊற்றுவேன். உருண்டை வரும். ஆனால் களி மாதிரி இருக்கும், குச்சியில் நிற்காமல் வழுக்கிக் கீழே இறங்கும்.

ஒரு வருடம் எட்டு வயதுப் பையன் ஒருவன் வந்தான். அவனுடைய ஆச்சி கல்யாண வீடுகளுக்கு லட்டு பிடித்துக் கொடுக்கிறவர். இவன் கலவையை எடுத்ததும் உருட்டவில்லை. ஒரே கையில் வைத்து, நான்கு விரலையும் மடக்கி ஓர் அமுக்கு. கொஞ்சம் விட்டு, கட்டைவிரலால் அதைத் திருப்பி, மறுபடி ஓர் அமுக்கு. அப்படி நான்கு முறை. விரல் பதிந்த தடமெல்லாம் அதில் பிடிகொழுக்கட்டையில் தெரிவது போலத் தெரிந்தது. அதற்கப்புறம்தான் இரண்டு உள்ளங்கையிலும் வைத்து மெதுவாக ஒரு சுற்று. தடமெல்லாம் மறைந்து வழவழவென்று வந்தது. பக்கத்தில் அழப்போன பெண்பிள்ளையிடம் சொன்னான்: "மொதல்ல அமுக்கணும். பெறகுதான் உருட்டணும்."

அன்றிலிருந்து நான் சொல்லிக்கொடுக்கும் முறையே மாறிவிட்டது. தூளுக்கு நடுவில் இருக்கும் காற்று அமுக்கும்போது வெளியேறுகிறது. துகளோடு துகள் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் உருட்டினால் மேற்பரப்பு மட்டும் சீராகிறது. நாம் எல்லோரும் லட்டு பிடிக்கிறோம் என்றுதானே சொல்கிறோம்? லட்டு உருட்டுகிறோம் என்று பெரும்பாலும் சொல்வதில்லை. அந்தச் சொல்லுக்குள்ளேயே கை வேலை இருக்கிறது என்பதை அந்தப் பிள்ளை எனக்குக் காட்டினான்.

ஒவ்வோர் உருண்டையும் 25 கிராம் இருந்தால் நல்லது. பெரிய நெல்லிக்காய் அளவு. அரைக் கிலோ கேக்குக்குக் குறைந்தது 20 உருண்டை வரும். தராசு இருந்தால் பிள்ளைகளையே நிறுக்கச் சொல்லுங்கள். பத்தாவது உருண்டைக்குள் கையே தராசாகிவிடும்.

அம்மாமாரே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். பிள்ளை பிடித்துத் தட்டில் வைத்த உருண்டையை எடுத்து மறுபடி உருட்டாதீர்கள். கோணலாக இருந்தால் இருக்கட்டும். ஒருமுறை ஒரு தாய், மகள் வைக்க வைக்கப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துச் சரிசெய்துகொண்டே வந்தார். அன்பினால்தான் செய்தார். ஏழாவது உருண்டையில் அந்தப் பிள்ளை கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போய்விட்டாள். எவ்வளவு கூப்பிட்டும் திரும்பி வரவில்லை. அன்று செய்த இருபதும் கடையில் வாங்கியது போல ஒரே வட்டமாக இருந்தன. அவளுக்கு அதில் ஒன்றுகூட வேண்டியிருக்கவில்லை. இதை நான் மறக்கவே இல்லை.

நேரம் போகிறது, அடுத்த கட்டத்துக்கு வருகிறேன். உருண்டைகளை அரைமணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து இறுகவிடுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். காகிதக் குச்சியின் நுனியை உருக்கிய சாக்லேட்டில் தொட்டு, உருண்டையில் பாதி ஆழம் வரை செருகுங்கள். அந்தத் துளி சாக்லேட்தான் பசை. அது உறைந்த பிறகே முழு உருண்டையையும் முக்க வேண்டும். முக்குவதற்குமுன் ஐந்து நிமிடம் வெளியில் வையுங்கள். உள்ளே மிகவும் குளிர்ந்திருந்தால், அந்தக் குளிரில் மேல் சாக்லேட் உடனே இறுகிவிடும். பிறகு உள்ளிருக்கும் கேக் சூடேறி விரியும்போது ஓட்டில் கீறல் விழும்.

வீட்டுக்குக் காம்பவுண்ட் சாக்லேட்டே போதும். கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு தாவரக் கொழுப்பு சேர்த்தது அது. வெப்பத்தை அளந்து பக்குவப்படுத்தாமலே நன்றாக உறையும். அடியில் கொதிநீர், மேலே கிண்ணம் என்று வைத்து உருக்குங்கள். அடுப்புப் பக்கம் பெரியவர்கள் மட்டும். ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விழக்கூடாது. ஒரு கிறிஸ்துமஸுக்கு, தண்ணீரில் கரைத்த சிவப்பு நிறத்தை வெள்ளைச் சாக்லேட்டில் விட்டுவிட்டேன். கண் முன்னால் அது திரிந்து மணல் மணலாக இறுகியது. சுற்றிலும் 14 பிள்ளைகள் குச்சியும் கையுமாகக் காத்திருந்தார்கள். எண்ணெயில் கரையும் நிறம் என்று கேட்டு வாங்குங்கள் நேயர்களே, கடையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கும்.

முக்கி எடுத்த குச்சிகளைத் தெர்மாகோல் பலகையில் குத்தி நிறுத்துங்கள். ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகளுக்குக் குச்சி இல்லாமல், உருண்டையைப் பிட்டுக் கிண்ணத்தில் வைத்துக் கொடுங்கள். மற்றவர்களும் குச்சியோடு ஓடக்கூடாது, உட்கார்ந்துதான் சாப்பிட வேண்டும்.

பிறகு அலங்காரம். பனிமனிதன், கலைமான், கிறிஸ்துமஸ் தாத்தாவின் குல்லா எல்லாம் படத்தில் பார்த்துச் செய்வார்கள். நானும் அப்படித்தான் மாதிரி வைப்பேன். போன வருடம் ஒன்பது வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி மாதிரியைப் பார்க்கவேயில்லை. சிவப்பில் முக்கினாள். காய்ந்ததும் கறுப்புச் சாக்லேட்டால் முன்பக்கம் ஒரு பட்டை இழுத்தாள். பிறகு பல் குத்தும் குச்சியால் ஒரு பக்கம் மட்டும் வெள்ளையாகக் கோணல்மாணலாக ஒரு கோடு. மூச்சைப் பிடித்துக்கொண்டு அந்தக் கோட்டை மூன்று முறை அழித்து அழித்துப் போட்டாள். என்னம்மா இது என்று கேட்டேன். சொல்லவில்லை.

சாயங்காலம் அவளுடைய அப்பா கூட்டிப்போக வந்தார். வீடு வீடாகப் பார்சல் கொடுக்கும் வேலை. சிவப்பு ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு படியேறினார். அவள் குச்சியை நீட்டினாள். அவர் அதைப் பார்த்தார். கையிலிருந்த ஹெல்மெட்டைத் திருப்பி, எப்போதோ கீழே விழுந்ததில் வெள்ளையாகச் சிராய்த்திருந்த இடத்தைக் கேக் பாப்புக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். இரண்டும் ஒரே பக்கம், ஒரே சாய்வு. அவர் அதைச் சாப்பிடவில்லை. சட்டைப்பையில் பேனா வைப்பதுபோல் நிறுத்திக்கொண்டு, பிள்ளையை வண்டியில் ஏற்றிப் போனார்.

ஆகவே நேயர்களே, உதிர்த்து, அமுக்கிப் பிடித்து, குளிரவைத்து, முக்கி, வண்ணம் போட ஒரு மாலைப்பொழுது போதும். இந்த வாரக் கடைசியிலேயே உங்கள் வீட்டுப் பிள்ளைகள் பாயில் உட்கார்ந்து மாவுக்கையோடு இருப்பார்கள் என்று நம்புகிறேன். கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்.