'டெலி'யும் தொலையும்



சென்ற ஆண்டு விழாவில் இதே மேடையில் நின்று, 'டெலிபோன்', 'டெலிகிராம்' ஆகியவற்றின் முன்னே நிற்கும் 'டெலி' நமது 'தொலை'யினின்று பிறந்ததே என்று முழங்கினோம்; கைதட்டலும் பெற்றோம். வீடு திரும்பும் வழியில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, "அப்படியானால் டெலிகிராமைப் பாட்டி ஏன் தந்தி என்கிறார், மாமா?" என்று வினவினாள். விடையின்றி விழித்தோம். அக்கடனைத் தீர்க்கவே இன்று வந்துள்ளோம்.

அச்சொல் கிரேக்கம். 'தேலெ' என்பது அம்மொழியில் அதன் வடிவம், பொருள் சேய்மை. கிரேக்கத்தின் ஏயோலியக் கிளைவழக்கிலோ அதே சொல் பகர ஒலியோடு தொடங்குகிறது. ஒரே சொல் ஓரிடத்தில் தகரமாகவும் வேறோரிடத்தில் பகரமாகவும் நிற்றலால், இரண்டிற்கும் முன்னே 'க்வ' போன்றதோர் ஒலி இருந்ததென மொழிநூலார் துணிவர். அந்த முதல்வடிவத்திற்கும் நமது 'தொலை'க்கும் ஒப்புமை ஏது? மேலும், சங்கப் பாக்களில் தொலைதல் என்பது அழிதல், கெடுதல் என்றே பெரிதும் வரும். தூரத்தைச் சேய் என்றும் சேண் என்றும் கூறினர் நம் முன்னோர். ஒலி ஒத்தது தற்செயலே. ஆராயாது முழங்கியது நம் பிழை.

இனித் தந்திக்கு வருவோம். பிரான்சு நாட்டில் 1790களில் கிளாட் ஷாப் என்பார், கோபுரங்களின் உச்சியில் மரக்கைகளை அசைத்துச் செய்தி அனுப்பும் முறையை அமைத்தார். முதலில் 'விரைவெழுதி' எனப் பொருள்படும் கிரேக்கப் பெயரையே அதற்கு இட எண்ணினார். பிறர் யோசனையால் 'தொலைவெழுதி' எனும் பொருளுடைய 'டெலிகிராப்' நிலைத்தது. அதில் கம்பியே கிடையாது! நம் நாட்டில் 1855இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதோ மின்கம்பி வழிச் செய்தி. கிரேக்கப் பெயர் தூரத்தைச் சுட்டிற்று. நம்மவரோ கண்ணிற்பட்ட கம்பியைக் கொண்டு தந்தி என்றனர். பின்பு கம்பியும் நீங்கியபோது 'கம்பியில்லாத் தந்தி' என்று வழங்க நேர்ந்தது வேடிக்கையே.

தொலைபேசியும் தொலைக்காட்சியும் பின்னர் நாம் ஆக்கிக்கொண்ட சொற்கள். 1900இல் பாரிஸ் மாநாட்டில் பெர்ஸ்கி என்பார் வழங்கிய 'டெலிவிஷன்' பாதி கிரேக்கம், பாதி இலத்தீன். நமது தொலைக்காட்சியோ முழுதும் தமிழ். பெருமை கொள்வதாயின் இதற்குக் கொள்வோம்.

ஊரிலிருந்து தந்தி என்றாலே, பிரிக்குமுன் அழுத வீடுகள் நம் குடியிருப்பில் பல. 2013 ஜூலையில் அச்சேவை நின்றது. அச்சிறுமி தந்தியைக் கண்டதில்லை. பாட்டி சொல்லக் கேட்டதுதான். இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறாள். விடை போதுமா என்பதை அவளே கூறட்டும்.