நிழல்ல புல் வரலையா? கோரை வைங்க!

கோரைன்னதும் நமக்கு ரெண்டு விஷயம் ஞாபகம் வரும். ஒண்ணு பாய். இன்னொண்ணு, எவ்வளவு பிடுங்கினாலும் கிழங்குலேர்ந்து மறுபடி முளைக்கிற களை. அதனால ‘தோட்டத்துல கோரை வைங்க’ன்னு சொன்னா பயமாத்தான் இருக்கும். இன்னைக்குப் பேசப்போறது அந்தக் கோரைக்குக் காட்டுல இருக்கிற ஒரு சொந்தக்காரரைப் பத்தி. பேரு கேரெக்ஸ்.

நியூஜெர்சி, பென்சில்வேனியா பக்கம் வீடு வாங்கின நம்மாளுங்க மரத்தடியில வருஷா வருஷம் புல் விதை தூவுறாங்க. அது காயுது, மறுபடி தூவுறாங்க. லான் புல்லுக்கு வெயில் வேணும், அவ்வளவுதான் விஷயம். ஆனா அதே ஊர்க் காடுகள்ல ஓக் மரத்தடியில தானா வளர்றது கேரெக்ஸ் பென்சில்வானிகா. அரையடி, முக்காலடி உயரம், மெல்லிசான இலை. கிழங்கு கிடையாது, மண்ணுக்குள்ள மெதுவாத்தான் பரவும்.

விதையை நம்பாதீங்க, முளைக்கிறது கஷ்டம். நர்சரியில சின்ன நாத்தா வாங்கி, வசந்தத்துலயோ செப்டம்பர்லயோ அடிக்கு ஒண்ணா நடுங்க. மர வேரை வெட்டாம, இடையில சின்னக் குழி போதும். முதல் வருஷம் தண்ணி முக்கியம். தரையை மூட ரெண்டு மூணு வருஷம் ஆகும். உரமும் வேண்டாம், வாராவாரம் மெஷின் ஓட்டவும் வேண்டாம்.

இன்னொரு ஆப்ஷனும் இருக்கு. டெலவேர்ல மவுன்ட் கியூபா சென்டர் 70 கேரெக்ஸ் வகைகளை வளர்த்துப் பார்த்தாங்க. முதலிடம் கேரெக்ஸ் வுடியைக்கு. கிடைச்சா அதையும் வைங்க.

ஒண்ணே ஒண்ணு: காட்டுக்குப் போய்த் தோண்டி எடுத்துட்டு வராதீங்க. காட்டுத் தரையைக் காலி பண்ணி நம்ம தோட்டத்தைப் பசுமையாக்குறதுல அர்த்தமே இல்ல. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!